காலி சீட்டின் கணக்கு: சிங்கிள் ரைடர் க்யூ எப்போது ஓடும், எப்போது நிற்கும்

போன வருஷம் ஒரு தீம் பார்க்கில் (பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது) என் மகளின் முதல் பெரிய ரோலர் கோஸ்டரைக் கோட்டை விட்டேன். பயத்தில் ரெண்டு வருஷமாகத் தள்ளிப் போட்டவள், அன்றைக்குத்தான் "சரிப்பா, போலாம்" என்று சொல்லியிருந்தாள். நாங்கள் மூன்று பேர். கோஸ்டரில் வரிசைக்கு இரண்டு சீட். எப்படியும் ஒருத்தர் தனியாகத்தான் உட்கார வேண்டும். எனக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டான். "நீயும் அம்மாவும் இந்த க்யூவில் நில்லுங்க. நான் சிங்கிள் ரைடர் க்யூவில் போய், சீக்கிரம் முடிச்சுட்டு, வெளியே நின்னு நீ இறங்குறப்ப வீடியோ எடுக்கறேன்."

அவர்கள் 40 நிமிஷத்தில் ஏறி, இறங்கி, ஐஸ்கிரீமும் வாங்கிவிட்டார்கள். நான் 55-வது நிமிஷத்தில் இன்னும் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். வீடியோ கிடையாது. ஏறுகிற நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்பதை மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு ராத்திரி ஹோட்டல் ரூமில் தூக்கம் வரவில்லை. கோபத்தைவிட, எங்கே கணக்கு தப்பியது என்ற அரிப்புதான் அதிகம். இந்தப் பதிவு அந்த அரிப்பில் வந்தது. (கீழே க்யூ என்றால் ஆட்கள் நிற்பது, வரிசை என்றால் வண்டியில் உள்ள சீட் வரிசை. ரெண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல் இருப்பதால் இந்த ஏற்பாடு.)

தெரியாதவர்களுக்கு முதலில் விஷயம். பெரிய தீம் பார்க்குகளில் சில ரைடுகளுக்கு ரெண்டு க்யூ இருக்கும். ஒன்று எல்லோருக்கும். இன்னொன்று, "யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காருவேன், என் ஆட்களோடு சேர்த்து ஏற்ற வேண்டும் என்று கேட்க மாட்டேன்" என்று ஒப்புக்கொள்பவர்களுக்கு. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. மதியம் ஒரு மணிக்குக் கூட்டமான மெஸ்ஸில், வாசலில் நாலு பேர் கொண்ட குடும்பம் டேபிளுக்குக் காத்திருக்கும்போது, சர்வர் நம்மைப் பார்த்து "ஒருத்தரா? இங்க வாங்க" என்று மூன்று பேர் சாப்பிடும் டேபிளின் நாலாவது நாற்காலியில் உட்கார வைப்பாரே, அதேதான். பனிச்சறுக்கு மலைகளில் நாற்காலி லிஃப்ட்டுக்கு ஏறும் இடத்திலும் தனி ஆட்களுக்கு இப்படி ஒரு க்யூ வைப்பது பழக்கம்.

இதில் முக்கியமான ஒன்று: இந்த க்யூவில் நிற்பவர் யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. காலியாகப் போயிருக்க வேண்டிய சீட்டில் உட்காருகிறார். காசு கொடுத்து முந்தும் க்யூ அப்படி இல்லை. டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று இலவசமாக ஆரம்பித்ததை 2021-ல் ஜீனி ப்ளஸ் என்று கட்டணச் சேவையாக்கி, 2024-ல் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாற்றியது. பெயர் எதுவானாலும், அதில் ஒருவர் முந்தினால் பொது க்யூவில் ஒருவர் பிந்துகிறார். சீட்டின் எண்ணிக்கை கூடவில்லை, கைதான் மாறுகிறது. சிங்கிள் ரைடர் க்யூ ஒன்றில்தான் நிஜமாகவே கூடுதல் சீட் கிடைக்கிறது.

எவ்வளவு கூடுதல்? ஃப்ளோரிடாவில் டிஸ்னி அனிமல் கிங்டமில் உள்ள எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். 2006-ல் திறந்தது. ஒரு ரயிலில் 17 வரிசை, வரிசைக்கு 2 சீட், மொத்தம் 34. பொது க்யூவில் 2, 3, 4, 5 பேர் கொண்ட குழுக்கள் சம அளவில் வருவதாக வைத்துக்கொள்வோம் (இது என் அனுமானம், பார்க்கின் புள்ளிவிவரம் இல்லை). தெரியாதவர்களைச் சேர்த்து உட்கார வைக்காவிட்டால், 2 பேருக்கு 1 வரிசை, 3 பேருக்கு 2, 4 பேருக்கு 2, 5 பேருக்கு 3. நாலு குழுவும் சேர்ந்து 14 பேர், 8 வரிசை, 16 சீட். 2 சீட் காலி. அதாவது எட்டில் ஒன்று. ரயிலுக்குச் சராசரியாக நாலேகால் சீட்.

நிமிஷத்துக்கு ஒரு ரயில் கிளம்புவதாகக் கணக்குக்கு வைத்தால் மணிக்கு 2040 சீட், அதில் 255 காலி. இந்த 255-ஐ நிரப்பினால், மணிக்கு 1785 பேர் ஏறிய ரைடில் 2040 பேர் ஏறுகிறார்கள். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் 14 சதவீதம் கூடுதல். பைத்தானில் 20 வரி எழுதியும் ஓட்டிப் பார்த்தேன், பேப்பரில் போட்டதே வந்தது. (ரயிலின் கடைசி வரிசையில் இடம் இல்லாமல் ஒரு குடும்பத்தை அடுத்த ரயிலுக்கு நிறுத்துவதை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் காலி இன்னும் கூடும்.)

இப்போது காத்திருக்கும் நேரம். இதற்கு லிட்டில் விதி என்று ஒன்று உண்டு, ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. க்யூவில் நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, ஆட்கள் வந்து போகும் வேகத்தை ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் வருவது. நமக்கு வேண்டியபடி திருப்பிப் போட்டால்: முன்னால் நிற்கும் தலைகளை, க்யூ நகரும் வேகத்தால் வகுத்தால் நம் காத்திருப்பு. சிங்கிள் க்யூவில் 60 பேர் நிற்கிறார்கள், மணிக்கு 255 பேர் ஏறுகிறார்கள் என்றால் சுமார் 14 நிமிஷம். அதே நேரம் பொது க்யூவில் 1785 பேர் நின்றால் 60 நிமிஷம். நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு, முதல் எண்ணை மட்டும் பார்ப்பது. "அட, குட்டி க்யூவா இருக்கே!" சரி, எந்த வேகத்தில் நகர்கிறது?

நான் மாட்டியது இங்கேதான். அன்றைக்கு நீண்ட விடுமுறை வார இறுதி. பார்க் முழுக்க ஜோடிகள். கல்லூரி நண்பர்களும் இரண்டு இரண்டு பேராகத்தான் வந்தார்கள். இரண்டு சீட் வரிசையில் ஜோடி உட்கார்ந்தால் மிச்சம் என்ன? ஒன்றுமில்லை. மேலே உள்ள கணக்கிலேயே, பத்துக் குழுவில் ஒன்பது ஜோடி, ஒன்று மட்டும் மூன்று பேர் என்று மாற்றிப் பாருங்கள். 21 பேருக்கு 22 சீட். காலி ஒன்றே ஒன்று. மணிக்கு 255-ஆக இருந்தது 93-ஆக விழுகிறது. அதே 60 பேர், அதே நீளமுள்ள க்யூ, ஆனால் காத்திருப்பு 14 நிமிஷத்திலிருந்து 39 நிமிஷம். நான் நின்ற கோஸ்டர் எவரெஸ்ட்டைவிடச் சின்னது, அதனால் இன்னும் மோசம்.

ஆக, சிங்கிள் க்யூவின் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த க்யூ இல்லை. பக்கத்து க்யூவில் யார் நிற்கிறார்கள் என்பதும், வண்டியில் வரிசைக்கு எத்தனை சீட் என்பதும்தான். இது புரிந்தபோது கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது, 55 நிமிஷம் முழுக்க வீண் இல்லை என்று.

இதே ஜோடிக் கூட்டத்தை மூன்று சீட் வரிசைக்கு அனுப்புங்கள். கலிஃபோர்னியாவில் டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சரில் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ் என்று ஒரு கார் ரைடு, 2012-ல் திறந்தது. காருக்கு ஆறு பேர், மும்மூன்றாக இரண்டு வரிசை. ஜோடி ஜோடியாக வந்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சீட் காலி, மூன்றில் ஒரு பங்கு! தனி ஆளுக்குத் திருவிழா. நாலு பேர் குடும்பம் வந்தால் இரண்டு இரண்டாகப் பிரிந்து மறுபடி ரெண்டு காலி. மூன்று பேர் குடும்பங்களாகவே வந்தால் மட்டும் சிங்கிள் க்யூ அசையாது. எப்காட்டில் உள்ள டெஸ்ட் ட்ராக்கும் இதே மாதிரி ஆறு பேர் கார்தான்.

நாலு சீட் வரிசையில் கதை சிக்கலாகிறது. ஏறும் இடத்தில் ஒரு ஊழியர் விரலைக் காட்டி "எத்தனை பேர்?" என்று கேட்டு எண் சொல்லி அனுப்புவாரே, அவர் செய்வது எங்கள் துறையில் பின் பேக்கிங் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயம். வெவ்வேறு அளவுப் பொருட்களை ஒரே அளவுப் பெட்டிகளில் குறைந்த காலியோடு அடைப்பது. கம்ப்யூட்டருக்கே கஷ்டமான வகையைச் சேர்ந்தது. அவரோ அதை நின்ற இடத்தில், வெயிலில், ஒரு ரயில் போய் அடுத்தது வருவதற்குள் செய்கிறார். அதுவும் முன்னால் நிற்கும் நாலைந்து குழுவைத்தான் பார்க்க முடியும், அவர்களையும் பெரிதாக இடம் மாற்ற முடியாது. ஜோடியையும் ஜோடியையும் சேர்ப்பார், ஐந்து பேரை நாலும் ஒன்றுமாக உடைத்து மிச்ச மூன்றில் மூன்று பேர் குடும்பத்தை வைப்பார். அப்படியும் விழும் ஒற்றை ஓட்டைக்குத்தான் சிங்கிள் க்யூ. கெட்டிக்கார ஊழியர் நின்றால் சிங்கிள் க்யூ மெதுவாகும் என்பது இதில் உள்ள வேடிக்கை.

இன்னொன்று. இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? 1952-ல் வார்ட்ராப் என்ற ஆங்கிலேயர் சாலைப் போக்குவரத்து பற்றி ஒரு கொள்கை சொன்னார். ரெண்டு ஊருக்கு நடுவே ரெண்டு பாதை இருந்தால், எல்லோரும் வேகமான பாதைக்கு மாறி மாறி, கடைசியில் இரண்டும் ஒரே நேரம் எடுக்கும். சிங்கிள் க்யூவிலும் அதே இழுப்பு உண்டு. எவரெஸ்ட் கணக்கில் 255 பேர் நின்றால் அங்கேயும் 60 நிமிஷம், லாபம் பூஜ்யம். ஆனால் பெரும்பாலான நாட்களில் அந்த அளவுக்குப் போவதில்லை. காரணம், ஜனங்கள் சேர்ந்து உட்காரத்தான் பார்க்குக்கு வருகிறார்கள். பிரிந்து உட்காருவதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லாதவர்களால்தான் மற்றவர்களுக்கு க்யூ குட்டியாக இருக்கிறது.

விலை அது மட்டும் இல்லை. பல இடங்களில் சிங்கிள் க்யூ வேறு வழியாகப் போகும், அலங்காரமெல்லாம் போச்சு. யூனிவர்சலின் ஹாரி பாட்டர் ஃபார்பிடன் ஜர்னியில் பொது க்யூ ஹாக்வார்ட்ஸ் கோட்டைக்குள்ளேயே நடக்கும், பேசும் ஓவியங்கள், டம்பிள்டோர் அறை என்று. சிங்கிள் ரைடருக்கு அதில் பெரும்பகுதி கிடையாது. ஹாரி பாட்டர் பைத்தியத்தை அந்த க்யூவில் அனுப்பினால் வீட்டுக்கு வந்தும் பேச மாட்டார்கள். ஸ்டார் வார்ஸ் ஸ்மக்லர்ஸ் ரன்னில் ஆறு பேருக்கு மூன்று வேலை: ரெண்டு பைலட், ரெண்டு கன்னர், ரெண்டு இன்ஜினியர். பைலட் சீட்டை யாரும் காலியாக விட மாட்டார்கள். தனியாக வருபவருக்கு அநேகமாக இன்ஜினியர் சீட்தான். (ஆபீஸிலும் அதேதான், அங்கேயுமா?) கூடப் பெரியவர் உட்கார வேண்டிய வயதிலோ உயரத்திலோ உள்ள குழந்தைக்கு இந்த க்யூவே கிடையாது. கைக்குழந்தை இருந்தால் பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறும் ஏற்பாடு தனியாக இருக்கும், அதைக் கேளுங்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். க்யூவில் நுழைவதற்கு முன், ஏறும் இடமோ ஓடும் வண்டியோ தெரிகிற இடத்தில் ரெண்டு நிமிஷம் நிற்பேன். வரிசைக்கு எத்தனை சீட், பொது க்யூவில் ஜோடியா குடும்பமா, போகிற வண்டியில் ஒற்றை சீட் காலியாகப் போகிறதா. காலியாகப் போனால் சிங்கிள் க்யூவில் ஆளே இல்லை என்று அர்த்தம், ஓடலாம். போர்டில் பொது க்யூ 30 நிமிஷத்துக்குக் கீழே காட்டினால் பிரிந்து போவதில் பிரயோஜனம் இல்லை. குடும்பத்தோடு சிங்கிள் க்யூவில் போனால், நாலு பேரும் நாலு தனித்தனி ஓட்டைக்குக் காத்திருக்கிறீர்கள். முதல் ஆள் இறங்கிக் கடைசி ஆள் வருவதற்குள் பத்து நிமிஷம் போகலாம். வெளியே எங்கே சந்திப்பது, போன் யாரிடம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆனால் அன்றைக்கு நான் தப்பாகப் போட்ட கணக்கு காத்திருப்பு நேரம் மட்டும் இல்லை. மூன்று பேர், ரெண்டு சீட் வரிசை. நான் பொது க்யூவிலேயே நின்றிருந்தால் அவர்கள் ரெண்டு பேருக்கும் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என் பக்கத்துக் காலி சீட்டுக்கு அந்த சிங்கிள் க்யூவிலிருந்து ஒருவர் வந்திருப்பார். அந்தக் க்யூ அன்றைக்கு எதிர்பார்த்துக் கிடந்தது என்னைப் போன்ற மூன்று பேர் குடும்பத்தைத்தான். இருந்த மூன்று பேர் குடும்பத்தையும் ஜோடியாக்கிவிட்டு, நானே அந்த க்யூவில் போய் நின்றேன்.

இந்த வருஷம் சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் போனோம். ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் வாசலில் பொது க்யூ 70 நிமிஷம் என்று போர்டு. மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, வரிசைக்கு எத்தனை சீட்?" நாலு. வண்டிக்கு மூன்று வரிசை, 12 பேர். அன்றைக்கு சிங்கிள் க்யூ நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, போயிருந்தால் நிச்சயம் அரை மணி மிச்சம். மனைவிக்கு முழங்கால் வலி வேறு. "நான் நின்னுக்கறேன்" என்று அவளே சொன்னாள்.

70 நிமிஷமும் நின்றோம். மூன்று பேரும் ஒரே வரிசையில், மகள் நடுவில். நாலாவது சீட்டுக்குப் பக்கத்து க்யூவிலிருந்து ஒரு சீனப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் பார் இறங்கிவிட்டது.