கழுத்தின் தாங்குதிறனை அளக்கும் சில நொடிகள்

எக்ஸ்ரே படத்தில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை, வலியோ நிற்கவில்லை. கழுத்து வலியுடன் வரும் பலரின் நிலை இதுவே. "படத்தில்தான் ஒன்றுமில்லையே" என்று வீட்டாரும் சொல்லத் தொடங்கும்போது, வலியோடு மனவேதனையும் சேர்ந்துகொள்கிறது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். அந்த எலும்பை நிலைநிறுத்தும் தசை எவ்வளவு நேரம் சோராமல் உழைக்கும் என்பதைக் காட்டாது.

நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. கழுத்தின் முன்புறம், உணவுக்குழாய்க்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி அமைந்த ஆழ்தசைகள் கழுத்தை நிலையாக வைத்திருக்க உதவுகின்றன. இவற்றுக்கு வேண்டியது பெரும் பலமன்று. நெடுநேரம் தளராத தாங்குதிறன். இவை தளர்ந்தால் மேற்புறத் தசைகள் கூடுதல் சுமையை ஏற்று இறுகுகின்றன. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் அறுந்த இழையை முடிவோரும், மம்சாபுரத்து வயல்களில் களையெடுப்போரும், கைப்பேசியைக் குனிந்து பார்க்கும் இளைஞரும் இத்தசைகளை நாள் முழுதும் சோதிக்கிறார்கள்.

இத்தாங்குதிறனை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நோயாளி மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்வார். மோவாயை உள்ளிழுத்து, தலையைப் படுக்கையிலிருந்து ஓர் அங்குல அளவுக்கு உயர்த்துவார். இயன்முறை மருத்துவர் தம் கையைத் தலைக்குக் கீழே வைத்து நொடிகளை எண்ணுவார். மோவாய் முன்னே துருத்தினாலோ, தலை அவர் கையில் படிந்தாலோ, வலி கூடினாலோ சோதனை முடிந்தது.

அமெரிக்க மருத்துவ இதழொன்றில் 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் சுமார் 40 பேர் இவ்வாறு சோதிக்கப்பட்டனர். கழுத்து வலி இல்லாதோர் சராசரியாக 39 நொடிகளும், வலி உள்ளோர் 24 நொடிகளும் தலையைத் தாங்கினர். எனினும் வலியில்லாதோரிடையேயும் இந்நேரம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. ஆகவே 20 நொடி என்பது நோயின் பெயரன்று, தோல்வியுமன்று. அது பயிற்சியின் தொடக்கப் புள்ளி. சில வாரப் பயிற்சிக்குப் பின் மீண்டும் அளந்து, உங்கள் பழைய எண்ணுடன் மட்டுமே ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் எண் உங்களுக்கு வேண்டாம்.

பயிற்சியும் எளியதே. படுத்த நிலையில், தலையை உயர்த்தாமல், 'ஆம்' என்று சொல்வதுபோல் மோவாயை மெல்ல அசைத்துச் சில நொடிகள் நிறுத்துவதிலிருந்து அது தொடங்கும். நாள்தோறும் செய்வதே முக்கியம். மருத்துவர் சொன்ன காலத்தைக் கடந்தும் கழுத்துப் பட்டையை அணிந்திருந்தால் தசைகள் வேலையின்றி மெலியும்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: இச்சோதனையை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கவும் விடாதீர்கள். கையில் மரத்துப்போதல் அல்லது பலக்குறைவு, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கழிப்பதில் மாற்றம், காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, விழுந்தபின் தோன்றிய வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைப் பற்றி எண்ணாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

மற்றவர்கள் அடுத்த முறை வரும்போது, "என் கழுத்து எத்தனை நொடி தாங்குகிறது?" என்று தயங்காமல் கேளுங்கள். விடையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த அளவீட்டுக்கு அது வேண்டும்.