அழுகிய தக்காளி விளக்கெரிப்பது எப்படி?

ஹைதராபாத் போயன்பள்ளி காய்கறிச் சந்தையில் நாளொன்றுக்குச் சுமார் 10 டன் கழிவு சேர்கிறது. நசுங்கிய தக்காளி, முட்டைக்கோஸின் மேல் இலை, விலை போகாத கீரைக்கட்டு. இவற்றை அங்கேயே அரைத்துக் கூழாக்கி, காற்றுப் புகாத கலனுக்குள் விடுகிறார்கள். கிடைப்பது ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரம், சந்தை கேன்டீனுக்கு அடுப்பெரிக்க வாயு, கூடவே உரம்.

நேராக எரித்துவிட்டால் என்ன? காய்கறியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை உலர்த்துவதிலேயே வெப்பமெல்லாம் செலவாகிவிடும். நுண்ணுயிரிகளுக்கோ அந்த ஈரம்தான் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஒரு கூட்டம் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உடைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அதைத் தின்று மீத்தேனை வெளிவிடும். அந்த வாயுவை எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். பழச் சர்க்கரையை முதல் கூட்டம் மளமளவென்று அமிலமாக்கிவிடும். மீத்தேன் தருபவை மெதுவாகப் பெருகுபவை. அமிலம் தேங்கி பிஎச் 6.5-க்குக் கீழே இறங்கினால் அவை சுணங்கிப்போகும். மாம்பழ சீசனில் கழிவு குவிகிறதே என்று ஒரேயடியாகக் கொட்டினால் கலன் புளித்து, வாயு நின்றுவிடும். அதனால்தான் சாணம் கலந்து, அளவறிந்து ஊட்ட வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலைக் குறைப்பது நல்லது. அதன் எண்ணெயிலுள்ள லிமோனீன் நுண்ணுயிரிகளுக்கு ஆகாது.

மின்சாரத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு என்பேன். இதே கழிவு குப்பைமேட்டில் புதைந்தாலும் மீத்தேன் வரும். அது நேரே காற்றில் கலக்கும். நூறாண்டுக் கணக்கில், கார்பன் டைஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடேற்றும் வாயு அது.