தூங்கா நகரின் உணவும் நோயாளியின் தட்டும்

சர்க்கரை நோய் இருப்பதை அறிந்ததும் மதுரைக்காரர் பலர் கேட்கும் கேள்வி, "இனிப் புரோட்டாவைத் தொடவே கூடாதா?" என்பதாகும். கேள்வி சிறிதாகத் தோன்றினாலும் அதன் பின்னே ஓர் அச்சம் இருக்கிறது. ஊரோடும் உறவோடும் சேர்ந்து உண்ணும் வாழ்விலிருந்து தாம் விலக்கப்பட்டு விட்டோமோ என்னும் அச்சம் அது. இதற்கு விடை காண, மதுரையின் உணவு எத்தகையது, அதில் மாறியது எது என்பதை முதலில் அறிதல் நலம்.

பகலிலும் இரவிலும் உணவு

மதுரையில் இரவு வணிகம் புதிய வழக்கமன்று. சங்க நூலாகிய மதுரைக்காஞ்சி, பகலில் இயங்கிய நாளங்காடியையும் இரவில் இயங்கிய அல்லங்காடியையும் வருணிக்கிறது. இன்றும் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் இரவெல்லாம் உழைப்போருக்கு உணவு தேவைப்படுகிறது. ஆவி பறக்கும் இட்லி, சுக்குக் காபி, பருத்திப்பால் ஆகியவை அவர்களின் பசிக்கும் களைப்புக்கும் உதவுபவை. பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அரிசி மாவும் கருப்பட்டி அல்லது வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுவது பருத்திப்பால்.

பல சமூகத்தார் கூடி வாழும் ஊராதலின் உணவும் பலவகைப்பட்டது. நெசவுத் தொழிலால் அறியப்படும் சௌராஷ்டிர மக்கள் முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்து வடையாகப் பொரிப்பர். தோசையின் மேல் முட்டையும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுடும் கறிதோசை அசைவ உணவகங்களின் சிறப்பு. பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பனிக்கூழ் ஆகியவை சேரும் ஜிகர்தண்டா வெயிலுக்கு இதம் தருவது.

மாறியது எது?

இரவில் உண்டவர் முன்னாளில் பெரும்பாலும் இரவில் உழைத்தவர். இன்று உழைப்புக் குறைந்தது, உணவு குறையவில்லை. கைப்பேசிச் செயலியில் கேட்ட பிரியாணி நள்ளிரவிலும் வாயிலுக்கு வருகிறது. உண்டவர் உடனே படுக்கைக்குச் செல்கிறார். புரோட்டாவுக்குரிய மைதா, கோதுமையின் தவிடும் முளையும் நீக்கப்பட்ட மாவு. அதில் நார்ச்சத்து குறைவு. அதனுடன் எண்ணெயும் உப்பு மிகுந்த சால்னாவும் சேர்கின்றன.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023ஆம் ஆண்டில் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே இது ஒருவரின் நாவடக்கம் பற்றிய சிக்கல் மட்டுமன்று. வாழும் முறையே மாறியதன் விளைவும் ஆகும்.

பத்தியம் ஏன் நிலைப்பதில்லை?

நம் மரபில் பத்தியத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. அம்மை இறங்கிய பின்னும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் குறித்த நாள்கள் கழிந்த பின்னும் பத்தியம் முடிந்துவிடும். சர்க்கரை நோய்க்கும் இரத்தக்கொதிப்புக்கும் அத்தகைய முடிவு நாள் பெரும்பாலும் இல்லை. அதனால் ஒரு மாதம் கடுமையாக நோன்பிருந்து, பின்னர் அனைத்தையும் கைவிடுவோர் பலர். வாழ்நாள் முழுதும் கடைப்பிடிக்க வேண்டியது பத்தியமன்று. நேரம், அளவு, துணை ஆகிய மூன்றிலும் கவனமே.

நேரம்: இன்சுலின் போட்டுக்கொண்ட பின்னரோ, சில சர்க்கரை மாத்திரைகளை உட்கொண்ட பின்னரோ உணவைத் தாமதித்தல் ஆபத்தானது. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை தோன்றலாம். அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். கொழுப்புக் கலந்த இனிப்புகள் மெதுவாகவே இரத்தத்தில் சேர்வதால் அந்நேரத்துக்கு ஏற்றவையல்ல. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அளவு: நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அஃதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சால்னா, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் இக்கணக்கில் அடங்கும். கருப்பட்டியும் வெல்லமும் தேனும் சர்க்கரையை உயர்த்துவனவே. ஆதலின் பருத்திப்பாலையும் இனிப்புக் கணக்கில் சேருங்கள்.

துணை: இட்லியை வெறும் சட்னியோடு உண்பதினும், பருப்பும் காய்கறியும் நிறைந்த சாம்பாரோடு எண்ணிக்கை குறைத்து உண்பது நன்று. என்றேனும் புரோட்டா உண்ண நேர்ந்தால் எண்ணிக்கையைக் குறைத்து, முட்டையோ காய்கறியோ சேர்த்து, சால்னாவை ஊற்றாமல் தொட்டு உண்ணலாம். கம்பும் கேழ்வரகும் நல்லவையே. எனினும் கூழாகக் கரைத்துக் குடிப்பதினும் அடையாகவோ களியாகவோ அளவோடு உண்பது சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது.

தனிக் கவனம் வேண்டுவோர்

சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் மிகுந்த இளநீரும், பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும் தீங்காகலாம். மருத்துவரைக் கேளாமல் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். இரத்தம் உறைதலைத் தடுக்க வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்வோர் கீரையை ஒரு வாரம் மிகுதியாகவும் மறு வாரம் அறவே இன்றியும் உண்ணலாகாது. ஒரே சீரான அளவில் உண்ண வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளோரும் உறுப்பு மாற்றம் பெற்றோரும் திறந்து வைத்த சட்னியையும் பனிக்கட்டி சேர்ந்த பானங்களையும் தவிர்த்து, வீட்டில் சமைத்துச் சூடாகப் பரிமாறும் உணவையே உண்பது பாதுகாப்பானது.

குடும்பத்தார்க்கு

நோயாளிக்கு மட்டும் தனியே சமைத்துத் தனியே அமர்த்தினால் அவர் மனம் சோர்வடையும். மறைவில் உண்ணும் பழக்கமும் அங்கிருந்தே தொடங்கும். உப்பும் எண்ணெயும் குறைந்த சமையல் வீட்டார் அனைவர்க்கும் நல்லது. ஒரே உணவை ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள்.

மறைத்தலால் மற்றொரு தீங்கும் உண்டு. நோயாளி உண்டதைச் சொல்லாதபோது, மருந்து போதவில்லை என்று கருதி மருத்துவர் அதன் அளவைக் கூட்ட நேரும். பின்னர் அவர் குறைவாக உண்ணும் நாளில் அதே மருந்து சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். எனவே அடுத்த முறை வரும்போது, முந்தைய மூன்று நாள்களில் உண்டவற்றை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வாருங்கள். இரவு 11 மணிக்கு உண்ட புரோட்டாவும் அதில் இடம்பெறட்டும். கண்டிப்பதற்காக அன்று, உங்கள் உணவுக்கேற்ப மருந்தையும், மருந்துக்கேற்ப உணவையும் சரியாக வகுப்பதற்கு அந்தத் தாளே எங்களுக்குத் துணை.