கீப்பருக்கு ஒரே இடம்தான்

ஐபிஎல் நாட்களில் வத்தலக்குண்டு பேருந்து நிலையப் பக்கத்து டீக்கடைகளில் சாயங்காலம் ஏழு மணியானால் டாஸ் யார் ஜெயித்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. "மாப்ள, பிளேயிங் லெவன் வந்துருச்சா?" என்பதுதான் கேள்வி. ஏழரைக்கு முதல் பந்து. அந்த அரை மணி நேரத்துக்குள் செல்போனில் டீம் போட்டு முடிக்க வேண்டும். கேப்டனாக வைத்தவர் எடுக்கும் புள்ளி இரட்டிப்பு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. களமிறங்காதவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் பூஜ்யம்.

2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. இப்படி டீம் போடவைத்த செயலியான ட்ரீம்11 காசுப் போட்டிகளை நிறுத்தியது. இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அந்தப் பெயர் இறங்கியது. நல்லதுதான். சம்பளத்தைத் தொலைத்தவர்கள் இல்லாத தெரு கிடையாது. காசு போனாலும் அந்தக் கணக்குப் போடும் புத்தி மட்டும் போகவில்லை. இன்றைக்கும் ஒரு டீக்காகவாவது டீம் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கில் ரொம்பச் சிக்கலான ஆள் இளம் விக்கெட் கீப்பர். பேட்ஸ்மேனுக்கு அணியில் ஆறேழு இடம் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று. கீப்பருக்கு ஒன்றுதான். முன்னால் நிற்பவர் நகராதவரை பின்னால் நிற்பவருக்கு வழியில்லை. இந்த வேதனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தினேஷ் கார்த்திக் 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் இந்தியாவுக்கு ஒருநாள் போட்டி ஆடத் தொடங்கினார். அதே டிசம்பரில் தோனி வந்துவிட்டார். பிறகு கையுறை தோனியிடமே தங்கிவிட்டது.

நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு நெருக்கமான உதாரணம் நாராயண் ஜெகதீசன். கோவைக்காரர். ஆனால் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) திண்டுக்கல் டிராகன்ஸ் சட்டையில் வளர்ந்தவர். நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்துக்குப் போய் ஆட்டம் பார்த்தவர்களுக்கு அவரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டாம். 2019 தொடரில் 448 ரன். அந்த வருஷம் வேறு யாரும் அவ்வளவு எடுக்கவில்லை. தொடக்கத்தில் இறங்கி அடிப்பார், கீப்பிங்கும் அவரே. ரன்னுக்கு ஒரு புள்ளி, கேட்சுக்கு எட்டு, ஸ்டம்பிங்குக்குப் பன்னிரண்டு என்றிருந்த ட்ரீம்11 கணக்கில் இப்படி ஒருவர் தங்கச் சுரங்கம்.

அதே ஆள் சென்னை சூப்பர் கிங்ஸில்? 2018 ஏலத்தில் 20 லட்சத்துக்கு எடுத்தார்கள். கையுறை தோனி கையில். 2022 வரைக்கும் ஆடக் கிடைத்தது மொத்தம் ஏழே ஆட்டம். அந்த நவம்பரில் விடுவித்துவிட்டார்கள். அதே நவம்பரில்தான் விஜய் ஹசாரே கோப்பையில் தொடர்ந்து ஐந்து சதம் அடித்தார். ஐந்தாவது, பெங்களூரில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277. உள்நாட்டு, சர்வதேச ஒருநாள் போட்டிகள் அனைத்தையும் சேர்த்தாலும் ஒருவர் எடுத்த அதிகபட்சம் அதுதான். கொல்கத்தா 90 லட்சத்துக்கு வாங்கியது. அங்கேயும் ஒரே சீசன்.

திறமைக்குப் பஞ்சமா? இல்லை. அணி அவர்மேல் போட்ட முதல்தான் குறைவு. இதை அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் நம்மைவிடத் தெளிவாகப் பேசுவார்கள். பந்தை வாங்கி, எறிந்து, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கும் களத்தில் ஒருவர்தான். அடுத்தவர் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். கிரீன் பே பேக்கர்ஸ் அணி 2020இல் ஜோர்டன் லவ்வைப் புதிய வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்து, ஆரோன் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று வருஷம் உட்காரவைத்தது. முதல் சுற்று வாய்ப்பைச் செலவழித்து எடுத்த ஆளை அவ்வளவு லேசில் விடமாட்டார்கள். 2023இல் நாற்காலி அவருக்கே வந்தது. இருபது லட்சத்துக்கு எடுத்த ஆளை விட்டுவிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

முதல் அதிகம் போட்ட ஆளுக்கே இடம் என்ற இந்த விதிக்கும் ஓட்டை உண்டு. சான் பிரான்சிஸ்கோ அணி 2021இல் மூன்றாவது ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் டிரே லான்ஸ் அடுத்த வருஷம் கணுக்கால் உடைந்து வெளியேறினார். அவருக்குப் பதில் ஆடியவருக்கும் கால் முறிந்தது. 2022 தேர்வில் கடைசிப் பெயராக, 262ஆவதாக வந்த பிராக் பர்டி உள்ளே போனார்; திரும்ப வெளியே வரவில்லை. 2025இல் ஐந்து வருஷத்துக்கு 26 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம்.

தமிழ்நாட்டின் சாய் சுதர்சனுக்கும் கதவு அப்படித்தான் திறந்தது. 2023 ஐபிஎல் முதல் ஆட்டத்தில் குஜராத்தின் வில்லியம்சன் பவுண்டரிக் கோட்டருகே விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். குஜராத் சுதர்சனை இறக்கியது. சம்பளம் 20 லட்சம். அதைவிட டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை கொடுத்த 21.6 லட்சம் அதிகம்! இறுதிப் போட்டியில் 47 பந்தில் 96. 2025இல் 759 ரன்னும் ஆரஞ்சுத் தொப்பியும். ஆனால் அவர் பேட்ஸ்மேன். அடிபட்டவரின் இடத்தில் புகுந்தவர் வேறொரு இடத்தில் தங்கிக்கொள்ள முடிந்தது. கீப்பருக்கு அந்த வசதி கிடையாது.

இப்போது டீக்கடை பெஞ்சில் ஓடுகிற பெயர் கார்த்திக் சர்மா. ராஜஸ்தான் பையன், ஏலத்தின்போது இருபது வயதைத் தொடவில்லை, கீப்பர். 2025 டிசம்பர் ஏலத்தில் 30 லட்சத்தில் தொடங்கிய அவரைச் சென்னை 14.2 கோடிக்கு வாங்கியது. தோனி இன்னும் இருக்கிறார். ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனையும் கொண்டுவந்திருக்கிறார்கள். கையுறை எப்படிப் பார்த்தாலும் கார்த்திக் கைக்கு இப்போது வராது. "அப்போ எதுக்குடா பதினாலு கோடி?" என்கிறார்கள். சிக்ஸர் அடிக்கத்தான்.

என் கணிப்பு இது. வேலை பத்திரம், நான்கு ஆட்டம் சொதப்பினாலும் பதினாலு கோடியை வெளியே உட்காரவைக்க எந்த நிர்வாகத்துக்கும் மனசு வராது. புள்ளிக்கணக்கு வேறு விஷயம். செயலியில் கீப்பர் பட்டியலில் பெயர் இருக்கும், கேட்ச் புள்ளி சாம்சனுக்குப் போகும். ஆறாவது, ஏழாவதாக இறங்கினால் சில நாள் எட்டுப் பந்துகூடக் கிடைக்காது. எட்டுப் பந்தில் மூன்று சிக்ஸர் அடிக்கிற ஆளை டீமில் வைக்கலாம். கேப்டனாக வைக்க, அவரை நான்காவதாக இறக்கத் தொடங்கட்டும், பார்க்கலாம்.

ஜெகதீசனைக் கேட்பவர்களும் உண்டு. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் கீப்பர் ரிஷப் பந்துக்குக் கால் முறிந்தபோது இந்திய டெஸ்ட் அணிக்கு அழைப்பு வந்தது; ஓவலில் துருவ் ஜுரேல் ஆட, இவர் வெளியே இருந்தார். வெஸ்ட் இண்டீஸ் தொடரிலும் அணியில் பெயர் இருந்தது. முன்னால் மறுபடியும் ஜுரேல்.