தளபதியா? மந்திரவாதியா?



சென்ற பள்ளி விடுமுறையின்போது நம் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு மேசைப் போர் விளையாட்டைக் கொண்டுவந்து, ஆறாம் ஆண்டு மாணவர் இருவருக்குக் கற்பித்தார். ஆட்டத்தில் தோற்ற மாணவன் கண் கலங்கி, "என் அதிர்ஷ்டம் அவ்வளவுதான், ஐயா!" என்றான். அச்சொல் என்னை வருத்தியது. அவனுடைய தோல்விக்குக் காரணம் அதிர்ஷ்டமா, அன்றி அவன் செய்த தேர்வா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொம்மைப் படைகளை மேசைமீதோ தரைமீதோ நிறுத்தி, விதிமுறைப்படி போரிடும் விளையாட்டு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913ஆம் ஆண்டிலேயே இத்தகைய விளையாட்டுக்கு ஒரு விதிநூல் எழுதினார். நம் மாணவர்கள் ஆடியது 'வார்ஹாமர்' என்பதாகும். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் இதனை 1983ஆம் ஆண்டில் வெளியிட்டது. மனிதரும் குள்ளரும் பூதங்களும் பொருதும் கற்பனை உலகம் அது. 2015ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, 2024இல் வேறு வடிவில் மீண்டும் வந்தது. எனினும் பழைய பதிப்புகளை விரும்பி ஆடுவோர் இன்றும் உளர். ஈண்டுக் கூறப்படுபவை 2010ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்புக்கு உரிய விதிகளாகும். பொம்மைகள் விலை மிகுந்தவை. ஆதலின் நம் மாணவர்கள் அட்டைத் துண்டுகளை வெட்டி வைத்தே ஆடினர்.

ஆட்டம் தொடங்குமுன் இருவரும் சமமான புள்ளிகளுக்குப் படை திரட்டுவர். 2000 புள்ளி எனக் கொண்டால், அதில் நூற்றுக்கு 25 விழுக்காடு, அதாவது 500 புள்ளிக்கு மேல் பெருந்தலைவர்களுக்குச் செலவிடலாகாது. ஒருவருக்கு மிகுதியாகக் கொடுத்தால் மற்றவருக்குக் குறையும். அப்புள்ளிகளைப் போர்த்திறம் மிக்க தளபதிக்குக் கொடுப்பதா, மந்திரவாதிக்குக் கொடுப்பதா என்பதே முதல் வினா.

தளபதியின் பயன் அவருடைய வாள்வீச்சு மட்டுமன்று. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் 'தலைமை எண்' ஒன்று உண்டு. வீரர்கள் பலர் ஒருசேர மடிந்தால், இரு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அவ்வெண்ணுக்கு மேற்படாவிட்டால் படை நிற்கும், மேற்பட்டால் ஓடும். மனிதப் பேரரசின் சாதாரண வீரர்க்கு அவ்வெண் 7, மந்திரத் தலைவருக்கு 8, தளபதிக்கு 9. படைக்குத் தலைமை தாங்குபவரின் எண்ணை அவரைச் சூழ 12 அங்குலத்துக்குள் நிற்கும் பிரிவுகள் யாவும் பயன்படுத்தலாம்.

இப்பொழுது கணக்கிடுவோம். இரு பகடைகள் விழக்கூடிய வகைகள் 36. ஏழுக்கு மேற்படாமல் விழுவன 21, எட்டுக்கு 26, ஒன்பதுக்கு 30. கைகலப்பில் தோற்றால், தோற்ற அளவு பொதுவாகத் தலைமை எண்ணிலிருந்து கழிக்கப்படும். இரண்டு புள்ளியில் தோற்ற வீரர் தனித்து நின்றால், அவர் நிலைத்திருக்க 36இல் 10 வாய்ப்பே உண்டு. தளபதி அருகிருந்தால் அது 21 ஆகும். வீரர் பலர் இருந்தும் நடத்திச் செல்லும் தலைவர் இல்லையேல் அது படையாகாது என்று திருவள்ளுவர் படைமாட்சியில் உணர்த்திய உண்மையை இவ்வெண்கள் மெய்ப்பிக்கின்றன.

மந்திரவாதியின் ஆற்றல் வேறு வகையினது. தக்க தருணத்தில் ஒரே மந்திரத்தால் ஒரு படைப்பிரிவையே அழிக்க வல்லவர் அவர். ஆனால் அவர்தம் ஆற்றல் நிலையானதன்று. ஒவ்வொரு சுற்றிலும் இரு பகடைகள் உருட்டப்படும். அவற்றின் கூட்டுத்தொகையே அச்சுற்றில் மந்திரத்துக்குக் கிட்டும் பகடைகளின் எண்ணிக்கை. சராசரி ஏழு எனினும், ஆறில் ஒரு முறை நான்கோ அதற்குக் குறைவாகவோதான் கிட்டும். மேலும், ஒரு மந்திரத்துக்கு ஆறு பகடைகள் வரை உருட்டலாம். அவற்றுள் இரண்டோ அதற்கு மேலோ 'ஆறு' விழுந்தால், அம்மந்திரத்தை எவராலும் தடுக்கவியலாது. ஆயினும் அதன் சீற்றம் ஏவியவரையே தாக்கும். அருகில் நிற்கும் தம் வீரரும் மடியலாம். சில வேளை மந்திரவாதியே மறைந்துபோகலாம். மூன்று பகடைகள் உருட்டினால் இக்கேடு நேர்வது 216இல் 16 முறை. ஆறு உருட்டினாலோ நூற்றுக்கு ஏறத்தாழ 26 முறை!

அங்ஙனமாயின் மந்திரவாதியே வேண்டாவா? அதுவும் பிழை. பகைவரின் மந்திரத்தைத் தடுக்கும்போது நம் மந்திரவாதியின் படிநிலை எண் பகடைத் தொகையோடு கூட்டப்படும். அவர் இல்லாத படை, வெறும் பகடையை நம்பியே பகைவர் மந்திரத்தை எதிர்கொள்ள வேண்டும். குள்ளர் படையில் மட்டும் மந்திரவாதிகளே இல்லை. எனினும் மந்திரத்தைத் தடுக்கும் எழுத்துகளைப் பொறிக்க அவர்கள் அறிவர். அவர்தம் சாதாரண வீரர்க்கே தலைமை எண் 9.

ஆதலின், உறுதி குறைந்த வீரரைக் கொண்ட மனிதப் படைக்கு முதலில் தளபதி; அடுத்துத் தற்காப்புக்குச் சிறு மந்திரவாதி ஒருவர் என்பதே என் கருத்து. இயல்பிலேயே உறுதி மிக்க படையை உடையவர் மந்திரத்துக்கு மிகுதியாகச் செலவிடலாம். தன் படையின் குறை எதுவோ, அதனை நிரப்புபவரே தக்க தலைவர்.

நம் மாணவன் செய்தது யாது? தளபதியை விடுத்து, மந்திரத் தலைவர் ஒருவரையே நம்பினான். ஒவ்வொரு முறையும் ஆறு பகடைகளை உருட்டினான். இரு முறை பகைவர் சிதறினர். அவனும் கைதட்டி மகிழ்ந்தான். மூன்றாம் முறை மந்திரவாதி மறைந்தார், அருகிருந்தோரும் மடிந்தனர், தலைமை எண் 7 உடைய எஞ்சிய வீரர் ஓடினர். இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மறுநாள் அவன் தளபதியைத் தேர்ந்தெடுத்து ஆடினான். அன்றும் தோற்றான்! ஆனால் இம்முறை அவன் கண் கலங்கவில்லை. "தளபதியிடமிருந்து 12 அங்குலத்துக்கு அப்பால் ஒரு பிரிவை விட்டுவிட்டேன், ஐயா" என்றான்.

பெற்றோர்களே! நாலு நம்பர் சீட்டில் ஓர் எண் பத்தாயிரத்தில் ஒன்று என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விழாதபோது விதியை நொந்துகொள்கிறோம். நம் பிள்ளைகளேனும் பகடையை உருட்டுமுன் எண்ணிப் பார்க்கக் கற்கட்டும். பகடை நம் கையில் இல்லை; தேர்வு நம் கையில் உள்ளது.