பம்பைத் தின்னும் மணல்

புந்தோங் என்றதும் பலருக்குக் கச்சான் பூத்தேதான் நினைவுக்கு வரும். ஆனால், ஈப்போவையும் கிந்தா பள்ளத்தாக்கையும் உலகறியச் செய்தது ஈயம். அந்த ஈயத்தைப் பள்ளத்திலிருந்து மேலே கொண்டு வந்ததில் பெரும் பங்கு 'கிராவல் பம்ப்' எனும் மணல் பம்புக்கு உண்டு. அந்தப் பம்புக்கு எமனாக இருந்ததும் அதே மணல்தான்.

ஈய லம்பத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். சேறும் சரளையும் கலந்த நீர் அடியிலுள்ள குழியில் சேரும். பம்பு அதை உறிஞ்சி, உயரமான மரச்சாரத்தின் மேலுள்ள பாலோங்கிற்கு அனுப்பும். தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனமான ஈயக் கனிமம் அங்குள்ள தடுப்புகளில் தங்கும். 2.6 மடங்கே கனமான மணல் அடித்துச் செல்லப்படும்.

சரி, பம்பு ஏன் தேய்கிறது?

பம்பின் உள்ளே சுழலும் சக்கரம், நீரை நடுவில் வாங்கி ஓரத்திற்கு வீசுகிறது. நீர் உறையின் வளைவோடு திரும்பிவிடும். கனமான மணலால் அப்படிச் சட்டெனத் திரும்ப முடியாது. வளைவில் திரும்பும் பேருந்தில் நிற்பவர் ஓரமாகச் சாய்வதைப் போல, மணல் உறையின் சுவரில் மோதும். பிறகு உரசிக்கொண்டே ஓடும். மணலிலுள்ள குவார்ட்ஸ், சாதாரண இரும்பைவிடக் கடினமானது. ஒவ்வொரு மணியும் ஓர் உளிதான்! இறக்கைகளின் நுனி, நீர் நுழையும் பக்கத்துத் தகடு, வெளியேறும் வாயருகே உள்ள 'நாக்கு' ஆகியவை அதிகம் அடிபடும்.

வேகம் இதில் முக்கியம். மணலின் வேகம் இரு மடங்கானால், தேய்மானம் ஏறக்குறைய 6 முதல் 8 மடங்காகும். ஆகவே, அகலமான வழியுள்ள பெரிய பம்பை மெதுவாக ஓட்டுவதே சிக்கனம்.

உறைக்குள் எதைப் பதிப்பது? நுண்மணலுக்கு ரப்பர் சிறந்தது. மோதும் மணலை அது பந்துபோல் துள்ள விட்டுவிடும். நம் முன்னோர் பால்மரம் சீவி எடுத்த அதே ரப்பர்! ஆனால், கூரிய பெரிய கற்கள் ரப்பரைக் கிழித்துவிடும். அங்கே குரோமியம் மிகுந்த கடின வார்ப்பிரும்பு வேண்டும்.

தேய்ந்த பம்பு நின்றால் லம்பத்தில் வேலையும் நிற்கும், பள்ளத்தில் நீர் ஏறும், கூலியும் பாதிக்கப்படும். அதனால்தான் ஈப்போ வட்டாரத்து வார்ப்புப் பட்டறைகளுக்கு வேலை இருந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது லம்பங்கள் பல மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்தோர் வேறு பிழைப்பைத் தேட நேர்ந்தது.

ஈயம் போனாலும் மணல் போகவில்லை. மணல் அள்ளும் இடங்களிலும் கழிவுநீர் நிலையங்களிலும் இதே தேய்மானம் இன்றும் தொடர்கிறது. நீர் வரத்து குறைவது, அதிர்வு கூடுவது, ஓசை மாறுவது ஆகியவை அதன் அறிகுறிகள். தொழிற்கல்வி பயிலும் நம் பிள்ளைகளை ஒருமுறை கம்பாரில் உள்ள ஈயச் சுரங்க அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். பாட்டன் உழைத்த இடத்தில் பேரனுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.