கயிற்றை அவிழ்த்துவிட்டீர்களா?

நாளைக் காலைக்குள் புயல் கரையைக் கடக்கும், உடனே பாடசாலைக் கட்டடத்துக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய வாகனம் உங்கள் தெருவில் அறிவித்துக்கொண்டு போகிறது என்று வையுங்கள். பிள்ளைகளின் உடுப்பை எடுப்பீர்கள். அடையாள அட்டை, காணி உறுதி, நகை, மருந்து எல்லாம் பைக்குள் போகும். குர்ஆனைத் துணியில் சுற்றி எடுப்பீர்கள். படலையைச் சாத்தும்போதுதான் கொட்டிலுக்குள்ளிருந்து ஆடு கத்தும். அப்போது என்ன செய்வீர்கள்?

அந்த நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால் பிழையான முடிவைத்தான் எடுப்போம். ஒன்றில் ஆட்டை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்து பிள்ளைகளையும் ஆபத்தில் மாட்டுவோம். அல்லது கட்டியது கட்டியபடி விட்டுவிட்டு ஓடுவோம். இரண்டும் நம் மண்ணில் நடந்தவைதாம்.

1990 அக்டோபர் 30இல் யாழ்ப்பாணச் சோனகத் தெரு மக்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அதைப் பற்றி இந்தத் தலைமுறையினருக்கும் ஓரளவு தெரியும். தெரியாத ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் என் உம்மா வீட்டைப் பற்றியோ விட்டுவந்த பாத்திரங்களைப் பற்றியோ அவ்வளவாகப் பேசமாட்டார். "கோழிக்கூட்டைத் திறந்துவிட்டது யார்?" என்றுதான் கேட்பார். வாப்பாவைக் கேட்பார், என்னைக் கேட்பார், தம்பியைக் கேட்பார். திறந்தேன் என்று சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. உண்மையில் ஒருவரும் திறக்கவில்லை.

அதே தேதி, ஐந்து வருடம் கழித்து, 1995 அக்டோபர் 30. இம்முறை வலிகாமம் முழுவதும் கிளம்பியது. இராணுவம் முன்னேறி வர, எல்லாரும் தென்மராட்சிக்குப் போங்கள் என்று புலிகள் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தையும் கோப்பாய்ப் பாலத்தையும் நோக்கி நகர்ந்தார்கள். கொக்குவிலும் அன்று இரவோடிரவாக வெறுமையானது.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்குப் பால் தந்தவர் கொக்குவில் அக்கா ஒருவர். குளப்பிட்டிப் பக்கம் வீடு. ஊர் திரும்பிய பிறகு, பல வருடம் கழித்து அவரைத் தேடிப் போனேன். ஆளைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு பேச்சு மாட்டுக்குத் திரும்பியது. எங்கள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

"அண்டைக்கு ராத்திரி எங்கடை பசு நிறைமாதச் சினை, தங்கச்சி. அந்தச் சனநெரிசலுக்குள்ளை கொண்டுபோகேலாது. கயித்தை அறுத்துவிட்டு, படலையையும் திறந்துவிட்டிட்டுப் போனன். பக்கத்து வளவுக்காரர் ரெண்டு நாளிலை வந்திடலாம் எண்டு ஆட்டைக் கொட்டிலுக்குள்ளை கட்டி, குழையும் போட்டு, கதவையும் பூட்டிட்டுப் போனவை."

இரண்டு நாளில் யாரும் திரும்பவில்லை. கொக்குவில் மக்களில் பெரும்பாலோர் திரும்பியது 1996இல்தான். அக்காவின் பசு திரும்பக் கிடைக்கவில்லை. எங்கோ உயிரோடு இருந்திருக்கலாம் என்று அவர் இன்றும் நினைத்துக்கொள்ள முடிகிறது. பக்கத்து வளவில் கதவைத் திறந்தபோது கயிறு கட்டியபடியே இருந்ததாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடுக்காமல், பூமியில் உள்ளதைத் தேடித் தின்னவும் விடாமல் சாகவைத்த பெண் அதனாலேயே நரகம் போனாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நாம் எல்லாரும் சிறுவயதில் மதரஸாவில் கேட்டதுதான். கொடுமைக்காரிகளைப் பற்றிய ஹதீஸ் என்றே நான் அதை நெடுநாள் நினைத்திருந்தேன். அவசரத்தில் ஓடுகிறவர்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது என்பது கொக்குவிலில்தான் எனக்கு உறைத்தது. உணவு கொடுக்க முடியாவிட்டால், தானாகத் தேடிக்கொள்ள வழியாவது விட வேண்டும்.

போர் முடிந்தது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஒவ்வொரு வருடமும் வருகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழை குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது. 2024 நவம்பர் கடைசியிலும் யாழ் மாவட்டத்தில் பல்லாயிரம் பேர் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைநாட்டையே புரட்டிப்போட்டு அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்டது.

ஆடு மாடு வளர்ப்பவர்கள் மறக்கக்கூடாத புயல் இன்னொன்று உண்டு. 2022 டிசம்பரில் மண்டோஸ் என்ற புயல் வந்தது. அது கரையைக் கடந்தது தமிழ்நாட்டில், மாமல்லபுரம் பக்கம். இங்கே பெரிய வெள்ளம்கூட இல்லை. ஆனாலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாளில் விழுந்து செத்தன. நோய் ஏதும் இல்லை. குளிர்தான் காரணம்.

நமது வெயில் நாட்டில் மாடு குளிரில் சாகுமா என்று நீங்கள் கேட்கலாம். விஷயம் இதுதான். மாட்டின் பெரிய இரைப்பையில் தீனி புளித்து நொதிக்கும்போது சூடு பிறக்கிறது. அதுதான் அதன் அடுப்பு. உரோமத்துக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் அதன் போர்வை. மழையில் நனைந்தால் போர்வை போய்விடும், பட்டினி கிடந்தால் அடுப்பு அணைந்துவிடும். இரண்டும் சேர்ந்து, மேலே காற்றும் வீசினால் வெட்டவெளியில் நிற்கும் மெலிந்த மாடு ஓர் இரவு தாங்காது. கன்றும் குட்டியும் அதற்கு முன்னமே போய்விடும்.

ஆகவே புயல் நேரத்தில் மாட்டுக்குக் காய்ந்த வைக்கோல்தான் கம்பளி. மழைக்கு முன்னமே நாலு கட்டு வைக்கோலை மரச் சட்டத்தின் மேல் உயர்த்தி அடுக்கி, தறப்பாளால் மூடிவையுங்கள். ஈரக் குழையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கொட்டிலில் காற்று வரும் பக்கத்தைக் கிடுகாலோ உரப்பையாலோ மறைத்துவிடுங்கள். ஆட்டுக்கு நிலத்தில் ஈரம் படாமல் பலகைத் தட்டு போட்டுக் கொடுங்கள். நனைந்துவிட்டால் சாக்கால் அழுத்தித் துடையுங்கள். செலவில்லாத வேலைகள், ஆனால் மழை தொடங்கிய பிறகு செய்ய முடியாதவை.

சரி, போகத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. கூட்டிக்கொண்டு போக முடியுமானால் நேரத்தோடு போங்கள். எல்லாரும் கிளம்பிய பிறகு மாட்டோடு தெருவில் இறங்க முடியாது. மேட்டு நிலத்தில் உறவினர் வீடோ தெரிந்தவர் வளவோ இருந்தால் இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பாடசாலை முகாமில் ஆடு மாட்டுக்கு இடம் உண்டா என்பதை கிராம சேவகரிடம் மழைக்கு முன்னரே விசாரியுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் அவரை இன்னும் விதானையார் என்றே சொல்வார்கள். நாலு பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டால் பதில் விரைவாக வரும் என்பது என் அனுபவம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் சுவரில் எழுதிவையுங்கள்.

கூட்டிப் போக முடியாவிட்டால், கட்டி வைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. மாடு நன்றாக நீந்தும், மேட்டைத் தேடிப் போகும். கட்டிய மாடு கழுத்தளவு தண்ணீரிலேயே மூழ்கும். நீளக் கயிற்றோடு அவிழ்த்துவிடுவதும் பிழை, அது வேலிக் கதியாலில் சிக்கிக்கொள்ளும். கயிற்றை முழுவதும் கழற்றிவிட்டு, கழுத்தில் சிறு வார் மட்டும் விட்டு, படலையையும் திறந்து வையுங்கள். காதுப் பட்டி இல்லாத மாடானால் நீங்களும் அதுவுமாக நின்று தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இது என் மாடு என்று வழக்குப் பேச உதவும். பால் கறக்கும் பசுவானால் கன்றைத் தாயோடு சேர்த்தே விடுங்கள். கறக்காமல் விட்ட மடி வீங்கிப் பழுதாகிவிடும்.

கோழிகளைப் பகலில் துரத்திப் பிடிக்க முயல வேண்டாம். இரவில் அடைந்திருக்கும்போது எடுத்துக் கடகத்தில் வைத்து, மேலே வலைத்துணி கட்டினால் சத்தமில்லாமல் வரும். நாலைந்துக்கு மேல் ஒரு கடகத்தில் அடைத்தால் கீழே இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் வழக்கத்தை நாம் எப்போதுதான் விடப்போகிறோமோ தெரியவில்லை.

பூனைதான் பெரிய பாடு. ஆபத்தென்று தெரிந்தால் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துவிடும், அழைத்தாலும் வராது. மூடியுள்ள கூடை ஒன்றை மழைக்காலம் முழுவதும் வீட்டின் மூலையில் திறந்து வைத்து, இடைக்கிடை அதற்குள்ளேயே மீன் முள்ளைப் போட்டுப் பழக்குங்கள். அன்றைக்குத் தானாகவே உள்ளே போகும். முகாமில் பூனை இருந்தால் தொழுகைக்கு ஆகாதே என்று சில சகோதரிகள் தயங்குவார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்யும் தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமல்ல, நம்மைச் சுற்றித் திரியும் வீட்டுப் பிராணி என்ற நபிமொழியை அப்போது அவர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

நாய் விஷயத்தில்தான் முகாமில் சண்டை வரும். தமிழ்ச் சகோதரி ஒருவர் தன் காவல் நாயோடு வந்து பக்கத்தில் குந்துவார். நாம் முகம் சுளிப்போம். ஷாபி மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், ஒரு முறை மண்ணோடு. உண்மைதான், கழுவிவிடலாம். ஆனால் தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் சப்பாத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு அல்லாஹ் பாவமன்னிப்பு வழங்கினான் என்று நமக்குச் சொன்னவர்களும் அதே பெருமானார் (ஸல்) அவர்கள்தாம். நாய்களை முகாமின் ஓரத்தில், மழை படாத தாழ்வாரத்தில் கட்ட ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தால் இரு பக்கமும் நிம்மதி. நாய்க்கும் பூனைக்கும் விசர்த் தடுப்பூசி போட்ட அட்டையை உங்கள் பையில் வையுங்கள். பயந்த பிராணி வளர்த்தவரையே கடிக்கும்.

மனித உயிர் போகும்போது ஆடு மாடா முக்கியம் என்று ஆண்கள் கேட்பார்கள். மனித உயிருக்காகத்தான் இதைச் சொல்கிறோம். 2005இல் அமெரிக்காவில் கட்ரீனா புயல் வந்தபோது நாயையும் பூனையையும் விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். அடுத்த வருடமே, வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. வங்காளதேசத்துக் கரையோரப் பெண்களின் கதை நம் கதைக்கு இன்னும் நெருக்கம். மாட்டை விட்டால் பிழைப்பே இல்லை என்று தங்கியவர்கள் மாட்டோடு போனார்கள். 1970இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற புயலுக்குப் பிறகு அங்கே 'கில்லா' என்ற பெயரில் உயர்ந்த மண்மேடுகளை எழுப்பினார்கள். மாட்டுக்கு மேடு இருந்தால் மனிதரும் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். நூஹ் (அலை) அவர்களின் கப்பலிலும் ஒவ்வோர் இனத்திலும் ஒரு சோடி ஏற்றப்பட்டதை நாம் ஓதுகிறோம் அல்லவா?

திரும்பி வந்த பிறகு ஒரு எச்சரிக்கை. தானாகச் செத்ததன் இறைச்சி நமக்கு ஹராம். மண்டோஸ் சமயத்தில் செத்த மாட்டிறைச்சி சந்தைக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் இறைச்சியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகவே தடை போட்டார்கள். அந்த வாரங்களில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். செத்த பிராணியைக் கிணற்றுக்குத் தூரமாக ஆழக் குழி வெட்டித் தாழுங்கள். நமது நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது விரைவில் கிணற்றுக்குள் வந்துவிடும். கிணற்றை இறைத்து, குளோரின் போட்ட பிறகே பாவியுங்கள். கொட்டிலைத் துப்புரவாக்கும்போது வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் குடித்தது. எலியின் சிறுநீர் மட்டுமல்ல, மாட்டின் சிறுநீரும் அந்தக் கிருமியைப் பரப்பும்.

கொக்குவில் அக்காவிடம் இப்போதும் ஒரு பசு இருக்கிறது. போனமுறை போனபோது கொட்டிலுக்குக் கூட்டிச் சென்று காட்டினார். தூணில் கயிறு கட்டியிருந்த விதம் வித்தியாசமாக இருந்தது. நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார், முடிச்சு முழுவதும் கழன்று கையோடு வந்தது. "ஐப்பசி பிறந்தால் நான் இப்பிடித்தான் கட்டுவன், தங்கச்சி. சின்னப் பேரனுக்கும் பழக்கிப்போட்டன். இருட்டுக்குள்ளையும் அவிழ்ப்பான்" என்றார்.